இது எத்தனை அடி? – ஒரு பொம்மைக் கப்பல் பஞ்சாயத்து

முதல்லயே சொல்லிடறேன். இது ரொம்பச் சின்ன விஷயம். உள்ளங்கையில அடங்குற பொம்மைக் கப்பல் ஒண்ணைப் பத்தி. "பி.காம் படிக்கிற பயலுக்கு இதெல்லாம் தேவையா"ன்னு கேக்கப் போறவங்க இப்பவே கிளம்பிடலாம். மத்தவங்க உக்காருங்க. சண்டை ஹாஸ்டல்ல ஆரம்பிச்சு ஒரு வாரமா நடக்குது, என் தரப்பை முழுசாச் சொல்ல விடாம நாலு பேர் சேர்ந்து கத்துறானுங்க. அதான் இங்க எழுதறேன்.

நடந்தது இதுதான். அக்கா பையனுக்குப் பிறந்தநாள். புதுக்கோட்டையில ஒரு கடையில லெகோ மாதிரி கட்டை அடுக்குற டப்பா வாங்கினேன். 450 ரூபாய். டப்பா மேல "போர்க்கப்பல்"னு போட்டு, ரெண்டு பாய்மரம், பக்கத்துக்கு மூணு பீரங்கி, மண்டை ஓட்டுக் கொடி, மேல நாலு பொம்மை மனுஷங்க. பையனும் நானும் ஒரு மணி நேரத்துல அடுக்கிட்டோம். அடுத்த ஞாயிறு ஜெகதாப்பட்டினத்துல இருக்கிற ரூம்மேட் வீட்டுக்குச் சாப்பிடப் போனப்ப, அவன் தங்கச்சிக்குக் காட்டலாம்னு அதையும் எடுத்துட்டுப் போனேன்.

அவங்க அப்பா ஓடாவி, அதாவது படகு கட்டுற மரவேலைக்காரர். கடலைப் பார்த்தே முடி நரைச்ச மனுஷன். கப்பலைக் கையில வாங்கினார். திருப்பிப் பார்த்தார். அணியம் பக்கம் பார்த்தார், அமரம் பக்கம் பார்த்தார் (கப்பலோட முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம், எனக்கே அன்னிக்குத்தான் தெரியும்). அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, இது எத்தனை அடி?"

"பொம்மைப்பா"ன்னு சிரிச்சேன். "பொம்மைதான். எத்தனை அடிக் கப்பலோட பொம்மை?"ன்னார். பதில் இல்லை. அவரும் மேல எதுவும் சொல்லாம திண்ணையில வச்சிட்டுச் சாப்பிடப் போயிட்டார்.

அந்தக் கேள்வி என்னை விடலை. ராத்திரி ஸ்கேலை வச்சு அளந்தேன். கப்பல் நீளம் 16 குமிழ், அகலம் 8 குமிழ். (கட்டை மேல புடைச்சுக்கிட்டு இருக்குமே, அதைத்தான் குமிழ்னு சொல்றேன். ஒரு குமிழ்லேர்ந்து அடுத்த குமிழுக்கு 8 மில்லிமீட்டர்.) ஆக கப்பல் 12.8 சென்டிமீட்டர் நீளம்.

இப்ப எத்தனை அடி? பொம்மை மனுஷன் உயரம் 4 சென்டிமீட்டர். அவனை ஐந்தரை அடி ஆளுன்னு வச்சா கப்பல் மொத்தமே 17.6 அடி! ஜெகதாப்பட்டினம் கரையில நிக்கிற ஃபைபர் படகே இதைவிட நீளம். அதுல ரெண்டு பாய்மரம், ஆறு பீரங்கி.

சரி, பீரங்கியை வச்சுப் பார்ப்போம். நிஜப் போர்க்கப்பல்ல ஒரு பீரங்கி ஜன்னல்லேர்ந்து அடுத்த ஜன்னலுக்குச் சுமாரா பத்தடி. மூணு ஜன்னலுக்கு முப்பது அடி, முன்னயும் பின்னயும் சேர்த்தா நாற்பதுன்னு வைங்க. அகலத்தை வச்சுப் பார்த்தா? அந்தக் கால நடுத்தரப் போர்க்கப்பல் அகலம் 40 அடி. அப்ப இது 80 அடிக் கப்பல்.

17 அடி, 40 அடி, 80 அடி. ஒரே பொம்மைக்கு மூணு பதில். கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியாமப் போகலை மக்களே. அந்தப் பொம்மைக்குப் பதிலே கிடையாது. அதுதான் பிரச்சினை.

இதை ஹாஸ்டல்ல சொன்னேன். ஆரம்பிச்சது சண்டை. "பொம்மைதானே மாப்ள, விடேன்"ங்கறான் ஒருத்தன். "சின்னதுல எங்கடா அளவு வரும்"ங்கறான் இன்னொருத்தன். "அளவா செய்யணும்னா காசு யார் குடுப்பா"ன்னு மூணாவது. "அந்த மனுஷங்க இல்லாட்டி கப்பலுக்கு உயிரே இல்ல"ன்னு நாலாவது. ஒவ்வொண்ணா வரேன். அதுக்கு முன்னாடி நிஜக் கப்பல் ரெண்டைப் பத்திச் சொல்லணும்.

முதல் கப்பல் வாசா. ஸ்வீடன் ராஜா கட்டின போர்க்கப்பல். 64 பீரங்கி. 1628 ஆகஸ்ட் 10 அன்னிக்கு ஸ்டாக்ஹோம் துறைமுகத்துலேர்ந்து முதல் பயணம் கிளம்பி, 1,300 மீட்டர் தூரம் போறதுக்குள்ள ஒரு காத்துல சாஞ்சு, திறந்திருந்த பீரங்கி ஜன்னல் வழியா தண்ணி ஏறி மூழ்கிடுச்சு. காரணம், தண்ணிக்கு மேல பாரம் அதிகம், கீழ உடம்பு பத்தலை. சுருக்கமா, அளவுப் பொருத்தம் சரியில்லை. 1961-ல அதைத் தூக்கிட்டாங்க, இப்ப மியூசியத்துல இருக்கு. அதுக்குள்ள தச்சர்களோட அளவுகோல் நாலு கிடைச்சுது. ரெண்டு ஸ்வீடன் அடி, 12 அங்குலம். ரெண்டு ஆம்ஸ்டர்டாம் அடி, 11 அங்குலம். ஒரே கப்பல்ல ரெண்டு அளவுகோல்! கப்பலோட ஒரு பக்கமும் மறுபக்கமும் ஒரே மாதிரி இல்லாததுக்கு இதையும் ஒரு காரணமாச் சொல்றாங்க.

இந்த 450 ரூபாய் டப்பாவுல நடந்ததும் அதேதான். மனுஷனுக்கு ஒரு அளவுகோல், பீரங்கிக்கு ஒண்ணு, அகலத்துக்கு ஒண்ணு. வாசாவுக்காவது ரெண்டுதான் :-)

ரெண்டாவது கப்பல் நம்ம ஊர் சமாச்சாரம். பேரு ட்ரிங்கோமலி. ஆமா, நம்ம திருகோணமலைதான். ஆங்கிலேயக் கடற்படைக்காக பம்பாய்ல வாடியா குடும்பத்து ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி, மலபார் தேக்குல கட்டினார். இதுக்கான வரைபடம் ஜாவாங்கற கப்பல்ல வந்துக்கிட்டிருந்தப்ப, 1812 டிசம்பர்ல பிரேசில் பக்கத்துல அமெரிக்காவோட கான்ஸ்டிடியூஷன் கப்பல் ஜாவாவை அடிச்சு எரிச்சிடுச்சு. வரைபடமும் போச்சு. மறுபடி வரைபடம் அனுப்பி, 1816-லதான் வேலை தொடங்குச்சு. 1817 அக்டோபர் 12 அன்னிக்கு தண்ணியில இறங்குச்சு. இருநூறு வருஷம் தாண்டியும் இங்கிலாந்துல ஹார்ட்டில்பூல்ல மிதந்துக்கிட்டு இருக்கு. பம்பாய்ல கட்டின, திருகோணமலை பேர் வச்ச கப்பல்தான் இன்னிக்கு மிதக்கிற பிரிட்டிஷ் போர்க்கப்பல்களிலேயே பழசு. (விக்டரி இன்னும் பழசு. ஆனா அது உலர்துறையில நிக்குது, மிதக்கலை.)

இந்தக் கப்பலோட பீரங்கித் தளம் நீளம் 150 அடி. அகலம் 40 அடி. அங்குலக் கணக்கை விட்டுட்டேன். விகிதம் 3.75. என் டப்பாக் கப்பலோட விகிதம் 2. போர்க்கப்பலோட உடம்பை அண்டா மாதிரி ஆக்கி வச்சிருக்காங்க.

இனி கணக்கு. அகலம் 8 குமிழ்னா 40 அடி. அப்ப ஒரு குமிழ் 5 அடி. நீளம் 150 அடிக்கு 30 குமிழ். வெறும் 24 சென்டிமீட்டர், சின்ன ஸ்கேலைவிடக் கொஞ்சம் அதிகம். இது பெரிய கப்பலா? இல்லை. இன்னும் பொம்மைதான்.

இப்பத்தான் அழகு. ட்ரிங்கோமலியோட பீரங்கித் தளத்துல 18 பவுண்டு குண்டு போடுற பீரங்கி 28. பக்கத்துக்கு 14. ஒரு ஜன்னலுக்கு பத்தடி, அதாவது ரெண்டு குமிழ். 14 ஜன்னலுக்கு 28 குமிழ். நீளம் 30 குமிழ். பொருந்திடுச்சு! ஒத்தைக் குமிழ் கட்டையை வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்புன்னு மாத்தி மாத்தி வச்சா அதுதான் பீரங்கி ஜன்னல் வரிசை. பீரங்கி பொம்மை ஒண்ணுகூட வேணாம். தூரத்துலேர்ந்து போர்க்கப்பலைப் பார்த்தா தெரியறதும் அந்தப் பட்டைதானே.

உயரத்துக்கும் இதே கணக்குதான். சன்னமான தட்டை ஒண்ணு 3.2 மில்லிமீட்டர், அப்ப 2 அடி. முழுக் கட்டை மூணு தட்டை உயரம், 6 அடி. அதாவது ஒரு ஆள் நிமிர்ந்து நிக்கிற உயரம். டப்பாக் கப்பல்ல தண்ணி மட்டத்துலேர்ந்து மேல் விளிம்பு வரைக்கும் ஆறு கட்டை. 36 அடிச் சுவர்! நான் மூணு கட்டையா குறைச்சேன். அந்த நிமிஷமே பண்டகசாலை மாதிரி இருந்தது கப்பலாச்சு.

பாய்மரத்துல எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு. கப்பல் அழகா இல்லைன்னு தோணினா மரத்தை உயர்த்துறது. குட்டை ஆளுக்கு உயரமான தொப்பி வச்ச மாதிரி ஆயிடும். அந்தக் காலத்துல பெரிய பாய்மரத்துக்கு ஒரு விதி வச்சிருந்தாங்க. கப்பல் நீளத்தையும் அகலத்தையும் கூட்டிப் பாதியாக்கு. 150 கூட்டல் 40, பாதி 95 அடி. 19 குமிழ். இது கப்பலோட அடியிலேர்ந்து கணக்கு, தண்ணிக்குக் கீழ இருக்கிறதைக் கழிச்சுக்கணும். அதுக்கு மேல வர்ற ரெண்டாவது துண்டு முதல் துண்டுல அஞ்சுல மூணு பங்கு. கவனிச்சீங்களா, மரத்தோட உயரத்தையே கப்பலோட உடம்புதான் தீர்மானிக்குது. உடம்பைச் சரி பண்ணாம மரத்தைத் தொடாதே.

தடிமனும் அப்படியே. 95 அடி மரத்தோட தடிமன் இரண்டரை அடிக்குப் பக்கம். டப்பாவுல குடுத்த உருண்டைக் கட்டை 8 மில்லிமீட்டர், 5 அடித் தடிமன். திருமலை நாயக்கர் மகால் தூண்! பொம்மை மனுஷன் கையில பிடிக்கிற சன்னக் குச்சி 3.2 மில்லிமீட்டர், 2 அடி. அதுதான் சரி. பாயை மாட்டுற குறுக்குப் பருமலுக்கு நான் தென்னை ஈர்க்கு வச்சேன். "கட்டை தவிர வேற எதுவும் சேர்க்கக் கூடாது"ன்னு ஒரு கோஷ்டி இருக்கு. அவங்க தனியா வரட்டும், பேசிக்கலாம்.

இன்னொரு சிக்கல். 8 குமிழ் அகலத்துல நடு மையம் ரெண்டு குமிழுக்கு நடுவுல விழும். மரத்தை எங்க நடுறது? டப்பாக்காரன் ஒரு பக்கமா தள்ளி நட்டிருந்தான். ரெண்டு குமிழ் நீளத் தட்டையில நடுவுல ஒரே குமிழ் வச்ச தட்டை ஒண்ணு இருக்கு. அதை வச்சா அரைக் குமிழ் நகர்ந்து மரம் நட்ட நடுவுல வந்துடும். மூணு மரத்துக்கு மூணு தட்டை. அவ்வளவுதான் செலவு.

இப்ப தோழர்களுக்குப் பதில்.

"பொம்மைதானே"ன்னு சொன்னவனுக்கு: அக்கா பையன் நிஜப் பாய்க்கப்பலைப் பார்த்ததே இல்லை. நானும் பார்த்ததில்லை. நீயும்தான். அவனுக்குக் கப்பல்னா இந்தப் பொம்மைதான். பள்ளிக்கூடத்துல கப்பல் வரையச் சொன்னா இந்த அண்டாவைத்தான் வரைவான். நிஜத்தைப் பார்க்க வழி இருக்கிறவனுக்குப் பொம்மை தப்பா இருந்தா பரவாயில்லை. வழியில்லாதவனுக்குப் பொம்மைதான் சாட்சி. சாட்சி பொய் சொல்லக் கூடாது.

"சின்னதுல எங்க அளவு வரும்"னு சொன்னவனுக்கு: நீ நார்த்தாமலை போனியா இல்லையா? மலை மேல விஜயாலய சோழீச்சுரம். தஞ்சாவூர் பெரிய கோயில் விமானம் 216 அடி. இதை அது பக்கத்துல வச்சா குழந்தை. அதைச் சுத்தி இருக்கிற குட்டிக் கோயில்கள் இன்னும் சின்னது. ஆனா எங்கயாவது அளவு கெட்டிருக்கா? சிலை செய்யறவங்க அடிக்கணக்கே பார்க்கறதில்லை. முக நீளம்தான் அளவு, அதுக்குப் பேர் தாளம். நவதாளம்னா உருவம் ஒன்பது முக நீளம். மூணு அங்குல செப்புச் சிலைக்கும் அதேதான், ஆளுயரச் சிலைக்கும் அதேதான். சின்னதுல விவரம் குறையும், சரி. மூக்குத்தி தெரியாது, விரல் நகம் தெரியாது. விவரம் குறையறப்ப மிச்சம் இருக்கிறது அளவுப் பொருத்தம் ஒண்ணுதான். அதையும் விட்டா என்னடா இருக்கு?

நாம படிக்கிற படிப்பே இதுதானே! பெட்டிக்கடைக் கணக்கையும் பெரிய கம்பெனி கணக்கையும் எப்படி ஒப்பிடறோம்? ரூபாயை வச்சா? விகிதத்தை வச்சுத்தானே? ரேஷியோ அனாலிசிஸ்ல நல்ல மார்க் வாங்கினவன் வந்து "சின்னதுல விகிதம் வராது"ங்கறான். பேப்பர் திருத்தினவர்கிட்ட போட்டுக் குடுத்துடுவேன்.

"காசு யார் குடுப்பா"ன்னு கேட்டவனுக்கு: கணக்குக் காட்டறேன். நான் கூடுதலா வாங்கினது அதே டப்பா இன்னொண்ணு, 450 ரூபாய். எடுத்துப் போட்டது எட்டு பொம்மை மனுஷங்க, பீரங்கி எல்லாம், மண்டை ஓட்டுக் கொடி, பின்னாடி மாடி மாதிரி ஏத்தி வச்சிருந்த சுவர். உயரத்துல குறைச்ச கட்டையே நீளத்துக்குப் பாதி ஆச்சு. இதையே டப்பா போடறவன் செஞ்சிருந்தா? அச்சு வச்சு வார்க்கிற பொம்மை மனுஷனையும் பீரங்கியையும் குறைச்சுட்டு சாதாரணக் கட்டையைக் கூட்டியிருக்கலாம். செலவு பணத்துல இல்லை, யோசனையில.

கடைசியா, "மனுஷங்க இல்லாட்டி உயிர் இல்லை"ன்னவனுக்கு. இதுதான் சரியான எதிர்வாதம், ஒத்துக்கறேன். குழந்தை கப்பலோட விளையாடறதில்லை, கப்பல்ல இருக்கிற ஆளோடதான் விளையாடுது. லெகோ கம்பெனி 1989-ல கடற்கொள்ளையர் கப்பல்களைக் கொண்டுவந்தப்பவும் அந்த மனுஷங்களுக்காகத்தான் கப்பல். (1620-லேயே தரங்கம்பாடிக்கு வந்து கோட்டை கட்டின அதே டென்மார்க்காரங்க. கப்பல் அவங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை.)

ஆனா அந்த மனுஷனைக் கொஞ்சம் பாரு. அவன் மொத்த உயரமே நாலு தலைதான். சோழர் கோயில் கூரை விளிம்புக்குக் கீழ வரிசையா உக்காந்திருக்குமே பூதகணம், அந்தக் கணக்கு. பூதகணமா அவன் அழகு, நான் குறை சொல்லலை. ஆனா அவனை அளவா வச்சு ட்ரிங்கோமலியைக் கட்டினா கப்பல் ஒரு மீட்டருக்கு மேல போகும், 136 குமிழ். அதுக்கு வீட்டுல இடமும் இல்லை, பையில பணமும் இல்லை. என் 24 சென்டிமீட்டர் கப்பல்ல அவனை நிக்க வச்சா 25 அடி ராட்சசன். ஆக ரெண்டுல ஒண்ணு. அவனை வச்சுக்கிட்டு, "இது ஒரு படகு"ன்னு நேர்மையா ஒரு வல்லத்தைக் கட்டு, ஒரே பாய், பீரங்கி வேணாம், அற்புதமா இருக்கும். இல்லைன்னா போர்க்கப்பல் கட்டு, அவனைக் கரையில இறக்கிடு. ரெண்டும் வேணும்னு நிக்கிறப்பத்தான் அண்டா பிறக்குது.

என் கட்சி இவ்வளவுதான்: ஒரு கப்பலுக்கு ஒரு அளவுகோல். அதை முதல்லயே எடு. எடுத்தப்புறம் மனுஷனுக்காக, பீரங்கிக்காக, பளபளப்புக்காக மாத்தாதே.

போன ஞாயித்துக்கிழமை மறுபடியும் ஜெகதாப்பட்டினம் போனேன். புதுக் கப்பலோட. திண்ணையில உக்காந்திருந்தார். கையில குடுத்தேன். இந்தத் தடவை அவர் கேக்கறதுக்கு முன்னாடியே, "நூத்தம்பது அடிப்பா. ஒரு குமிழ் அஞ்சடி"ன்னேன்.

விரலை வச்சு ஒவ்வொரு குமிழா எண்ணினார். முப்பது. தலையாட்டினார். அப்புறம் கண்ணுக்கு நேரா தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கிட்டு அணியத்துலேர்ந்து அமரம் வரைக்கும் பார்த்தார், கட்டின வல்லத்தோட ஏரா நேரா இருக்கான்னு பார்ப்பாங்களே, அப்படி.

"அணியம் மொக்கையா இருக்கு தம்பி. தண்ணியை முட்டும். இன்னும் ரெண்டு குமிழ் முன்னாடியே ஒடுங்க ஆரம்பி."

முதல் தடவை அவர் ஒரு குறையும் சொல்லாம வச்சிட்டுப் போயிட்டார்னு சொன்னேன்ல? இந்தத் தடவை அரை மணி நேரம் குறை சொன்னார். பொம்மையை யாரும் குறை சொல்ல மாட்டாங்க. கப்பலைத்தான் சொல்லுவாங்க.

பி.கு: அணியத்தைப் பிரிச்சாச்சு. சாய்வா வெட்டின தட்டை நாலு வேணும். வலது பக்கத்துக்கு ரெண்டு, இடது பக்கத்துக்கு ரெண்டு. யார்கிட்டயாவது உபரியா இருந்தா சொல்லுங்க. மாத்திக்க என்கிட்ட எட்டு பூதகணம் சும்மா கிடக்கு.